அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளியும் டிஸ்ட்ரிக்ட் பள்ளியும்: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குளிர்காலத்தில் சார்ட்டர் பள்ளிகளின் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் நெருங்கினால் போதும், தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாட்ஸப் குழுக்களிலும் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். சிலர் புதிதாக அமெரிக்கா வந்தவர்கள். சிலர் இங்கே வீடு வாங்கி, சொத்து வரி கட்டி, அந்தப் பணம் எங்கே போகிறது என்று யோசிக்கத் தொடங்கியவர்கள். இரு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன்: சார்ட்டரா டிஸ்ட்ரிக்ட்டா என்ற சண்டையில் பாதிக்கு மேல், பள்ளிப் பணத்தை வீட்டு விலையோடு கட்டிப்போட்டதால் வந்த சண்டை.

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா?

சட்டப்படி பொதுப் பள்ளி. கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல் போட வேண்டும். மாநிலத் தேர்வுகளைப் பிள்ளைகள் எழுத வேண்டும். ஆனால் பள்ளியை நடத்துவது ஊரின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஊர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) இல்லை, தனியாக ஒரு நிர்வாகக் குழு. அந்தக் குழுவை ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. இத்தனை ஆண்டுகளில் இதைச் செய்து காட்டுவோம் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குகிறார்கள். சொன்னதைச் செய்யாவிட்டால் அனுமதியைப் புதுப்பிக்காமல் பள்ளியை மூடலாம்.

தமிழ்நாட்டில் படித்தவர்கள் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் ஓரளவு புரியும். பணம் அரசுடையது, நிர்வாகம் வேறு கையில். ஒரு முக்கியமான வித்தியாசம்: அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. இங்கே பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது. கீழே வரும் சண்டைகள் பலவும் இந்தத் தலைக்கணக்கிலிருந்து கிளம்பியவைதான்.

2021 இலையுதிர்காலக் கணக்கில் நாடு முழுக்க ஏறத்தாழ 7,800 சார்ட்டர் பள்ளிகள், 37 லட்சம் பிள்ளைகள். பொதுப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேர்.

இதை ஆரம்பித்தது யார்? ஆசிரியர் சங்கங்களுக்கு எதிராகக் கொண்டுவந்தது என்கிறார்களே?

தொடக்கம் நேர் எதிரானது. ரே பட் என்ற மாசசூசெட்ஸ் கல்வியியல் பேராசிரியர் எழுதிவந்த யோசனை இது. 1988-ல் அதை நாடறியச் செய்தவர் ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர். ஆசிரியர்களே சிறு பள்ளிகளை அமைத்துப் புது முறைகளைச் சோதிக்கட்டும், பலித்ததை மற்ற பள்ளிகள் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். 1991-ல் மின்னசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி திறந்தது. சார்ட்டர்கள் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போட்டியாக வளர்வதைக் கண்டதும் ஷாங்கரே அதை விமர்சிக்கத் தொடங்கினார். ஒபாமா காலம் வரை இரு கட்சிகளும் சார்ட்டர்களை ஆதரித்தன. இன்று ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே இது பிளவான விஷயம்.

பொதுப் பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று பைகள். ஒன்றிய அரசின் பங்கு சாதாரண ஆண்டுகளில் நூற்றுக்கு எட்டு முதல் பத்து டாலர்தான். மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டச் சமமாகப் போடுகின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்து வரி. வீட்டு விலை ஏறிய ஊரில் வரி விகிதம் குறைவாக இருந்தாலும் பணம் கொட்டும். ஏழை ஊரில் விகிதத்தை உயர்த்தினாலும் வராது.

டெக்சஸின் சான் அன்டோனியோ நகரில் நடந்த வழக்கைத் தெரிந்துகொண்டால் மீதி தானாகப் புரியும். எட்ஜ்வுட், ஆலமோ ஹைட்ஸ் என்று ஒரே நகரப் பகுதியில் இரண்டு டிஸ்ட்ரிக்ட்டுகள். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அங்கே 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டார்கள். பிள்ளைக்குக் கிடைத்த உள்ளூர்ப் பணம் 26 டாலர். வசதியான ஆலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான். கிடைத்ததோ 333 டாலர். மாநில, ஒன்றிய உதவியைச் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டாலர், ஆலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர். அதிக வரி கட்டியவர்களின் பிள்ளைக்குக் குறைந்த பணம்! எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி ஒன்றிய அரசியலமைப்பு உறுதி தரும் அடிப்படை உரிமை இல்லை, இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்பை மீறவும் இல்லை என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையான மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அமெரிக்கப் பள்ளிக் கல்வியில் ஒரே ஒரு தீர்ப்பை மாற்ற முடியுமென்றால் இதைத்தான் மாற்றச் சொல்வேன். இதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாகப் போராட வேண்டியதாயிற்று.

எந்த மாநிலமும் இதைச் சரி செய்யவே இல்லையா?

செய்தார்கள், அரைகுறையாக. ஹவாய் முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட், அங்கே இந்தப் பிரச்சினையே வேறு மாதிரி. மிச்சிகன் 1994-ல் விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 ஆக்கி, பள்ளிகளை உள்ளூர் சொத்து வரியிலிருந்து பெருமளவு விலக்கியது. டெக்சஸ் 1993 முதல் பணக்கார டிஸ்ட்ரிக்ட்டுகளின் வரியில் ஒரு பகுதியை எடுத்து மற்றவற்றுக்குத் தருகிறது. ராபின் ஹுட் சட்டம் என்று அங்கே பெயர். பிளானோவில் வீடு வாங்கிய நம்மவர்கள் இதைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள்.

கலிஃபோர்னியாவில் 1971-ல் மாநில நீதிமன்றம் இந்த ஏற்றத்தாழ்வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1978-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கே உச்சவரம்பு போட்டது. சமத்துவம் கூடியது, மொத்தப் பணம் சுருங்கியது. 2013-ல்தான் ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், வளர்ப்பு இல்லப் பிள்ளைகள் ஆகியோருக்குத் தலைக்கு 20 சதவீதம் கூடுதலாகத் தரும் புதிய முறை வந்தது. அப்போதும் பாலோ ஆல்டோ போன்ற டிஸ்ட்ரிக்ட்டுகள் தங்கள் சொத்து வரி உபரியைத் தாங்களே வைத்துக்கொள்ள முடிகிறது.

நியூ ஜெர்சியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஆபட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1985-லிருந்து தீர்ப்பு மேல் தீர்ப்பாக அழுத்தம் கொடுத்து, 31 ஏழை டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குப் பணக்கார ஊர்களுக்கு நிகரான செலவை உறுதி செய்தது. 1998-ல் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குத் தரமான முன்பள்ளியும் தர வேண்டும் என்றது. ஜெர்சி சிட்டியில் வாடகை வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மூன்று வயதுப் பிள்ளையைக் காசில்லாமல் பிரி-கே சேர்க்க முடிவது அந்த வழக்கால் வந்த பலன். அதற்காக நீதிமன்றம் ஏறியவை கேம்டன், ஈஸ்ட் ஆரஞ்ச், இர்விங்டன், ஜெர்சி சிட்டி ஆகிய ஊர்களின் பிள்ளைகளுடைய குடும்பங்கள்.

ஒரு பிள்ளை சார்ட்டருக்குப் போனால் டிஸ்ட்ரிக்ட்டுக்குச் செலவும் குறையுமே? அப்புறம் ஏன் புகார்?

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொடக்கப் பள்ளியில் 20 வகுப்புகள், வகுப்புக்கு 25 பிள்ளைகள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு பேர் சார்ட்டருக்குப் போகிறார்கள். 40 பேருக்கான பணம் பள்ளியை விட்டுப் போய்விட்டது. ஆனால் எந்த வகுப்பையும் மூட முடியாது. 23 பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். கொதிகலன், கூரை, பேருந்து, தலைமையாசிரியர், ஏற்கனவே ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் எல்லாம் அப்படியே நிற்கும். ஆக முதலில் வெட்டுப்படுவது நூலகர், இசை ஆசிரியர், மனநல ஆலோசகர். இருக்கும் பிள்ளைகளின் பள்ளி மெலிகிறது. அதைப் பார்த்து இன்னும் சிலர் போகிறார்கள்.

பென்சில்வேனியாவில் இது உச்சத்துக்குப் போனது. அங்கே சார்ட்டருக்குப் போகும் பிள்ளைக்கான தொகையை டிஸ்ட்ரிக்ட்டே கட்ட வேண்டும். செஸ்டர் அப்லேண்ட் என்ற ஏழை டிஸ்ட்ரிக்ட், சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறத்தாழ 40,000 டாலர் சார்ட்டர்களுக்குக் கட்டி வந்தது. பிள்ளைக்கு லேசான பேச்சுக் குறைபாடா, முழுநேரத் துணை தேவையா என்று அந்தச் சூத்திரம் பார்க்கவில்லை. 2015-ல் டிஸ்ட்ரிக்ட்டிடம் சம்பளம் போடப் பணமில்லை. ஆசிரியர்கள் சம்பளம் வராவிட்டாலும் வகுப்பெடுப்போம் என்று பள்ளியைத் திறந்தார்கள்.

மாசசூசெட்ஸ் இதை ஓரளவு ஒழுங்காகச் செய்கிறது. பிள்ளை போன பிறகும் சில ஆண்டுகளுக்கு டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஈட்டுத்தொகை தரும் விதி அங்கே சட்டத்திலேயே உண்டு. சில ஆண்டுகள் அதற்கு முழுப் பணத்தை ஒதுக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் விதி சரியானது. எல்லா மாநிலமும் இதைப் பின்பற்ற வேண்டும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. டிஸ்ட்ரிக்ட்டுகள் காலியாவதற்கெல்லாம் சார்ட்டர் காரணம் ஆகாது. பிறப்பு விகிதம் குறைகிறது, வீட்டு விலை இளம் குடும்பங்களை விரட்டுகிறது. குபர்டினோ யூனியன் போன்ற பேர்போன டிஸ்ட்ரிக்ட்டே பிள்ளைகள் குறைந்ததால் 2022-ல் பள்ளிகளை மூடியது.

சார்ட்டர்களுக்குத்தான் குறைவான பணம் கிடைக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்களே?

பல மாநிலங்களில் உண்மை. சார்ட்டர்களால் சொந்தமாகச் சொத்து வரி போட முடியாது, கட்டடத்துக்கு வாக்காளர் ஒப்புதலோடு கடன் பத்திரம் வெளியிட முடியாது. வகுப்பறைக்குப் போக வேண்டிய காசு வாடகைக்குப் போகிறது. கலிஃபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டின் 39-ஆம் முன்மொழிவு, டிஸ்ட்ரிக்ட் தன் கட்டடங்களில் சார்ட்டருக்கு இடம் தர வேண்டும் என்றது. ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள், ஒரே விளையாட்டுத் திடல், தினமும் உரசல்.

மறுபக்கம், அதிகச் செலவாகும் பிள்ளைகள் டிஸ்ட்ரிக்ட்டில்தான் அதிகம். 2009-10 கணக்கை ஆராய்ந்த ஒன்றியத் தணிக்கை அலுவலகம், டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளில் 11 சதவீதம் பேர் மாற்றுத்திறன் உள்ளவர்கள், சார்ட்டர்களில் 8 சதவீதம் என்று கண்டது. பல சார்ட்டர்கள் பேருந்தும் விடுவதில்லை. எனவே இரண்டு தலைத் தொகைகளை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான விடையை எடுத்துக்கொள்ளும்.

சரி, படிப்பு எங்கே நன்றாக இருக்கிறது?

சராசரியைக் கேட்டால், பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையம் 2009-ல் 16 மாநிலங்களைப் பார்த்தது. கணக்கில் 17 சதவீத சார்ட்டர்கள் டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் மோசம், மீதி ஒன்றுதான். அதே மையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் சார்ட்டர் பிள்ளைகள் வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் பாடத்துக்குச் சமமான அளவு முன்னால் இருந்தார்கள். மோசமானவை மூடப்பட்டதும் இந்த முன்னேற்றத்துக்கு ஒரு காரணம். தேர்வு மதிப்பெண்ணை இப்படி நாட்களாக மாற்றிச் சொல்வதை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு.

சராசரியை விட்டு உள்ளே போனால்தான் சுவாரசியம். பாஸ்டனில் பெரிய அளவில் குலுக்கல் நடப்பதால், இடம் கிடைத்த பிள்ளையையும் கிடைக்காத பிள்ளையையும் ஒப்பிடலாம். விண்ணப்பித்த பெற்றோரின் அக்கறை இரு பக்கமும் ஒன்றுதான், எனவே ஒப்பீடு நேர்மையானது. 2021-ல் நோபல் பெற்ற பொருளியலாளர் ஜோஷுவா ஆங்க்ரிஸ்ட் உள்ளிட்டோர் இதைச் செய்தார்கள். நகரச் சார்ட்டர்களில் சேர்ந்த ஏழை, கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் பெரிய முன்னேற்றம் கண்டார்கள். அதே மாநிலத்தின் நகரத்துக்கு வெளியே இருந்த சார்ட்டர்களிலோ பலன் இல்லை, சில இடங்களில் பிள்ளைகள் பின்தங்கினார்கள்.

இதன் பொருள் நம்மில் பலருக்கு முக்கியம். ஏற்கனவே நல்ல டிஸ்ட்ரிக்ட்டில் இருப்பவர் பிள்ளையைச் சார்ட்டருக்கு மாற்றினால் என்ன கிடைக்கும் என்பது மிகவும் சந்தேகம். மோசமான பள்ளியில் மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளைக்கு அது வாழ்க்கையையே மாற்றலாம். 'சார்ட்டரே கூடாது' என்று பேசுகிறவர்கள் அந்தப் பிள்ளையின் தாயிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். என்னால் சொல்ல முடியாது.

நல்லாப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிறார்களாமே?

குலுக்கலில் நேரடியாகப் பொறுக்க முடியாது. வடிகட்டல் வேறு வழிகளில் நடக்கும். பேருந்து இல்லை என்றால் கார் உள்ள குடும்பங்கள்தான் வரும். பெற்றோர் இத்தனை மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தால் இரண்டு வேலை பார்க்கும் தாய் விலகிப் போவார். சின்னத் தவறுக்கெல்லாம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அந்தக் குடும்பமே வேறு பள்ளி தேடும். இன்னொன்று, நடுவில் காலியாகும் இடத்தை நிரப்பாமல் விடுவது. நியூயார்க்கின் சக்சஸ் அகாடமி பல ஆண்டுகள் நான்காம் வகுப்புக்கு மேல் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதன் மதிப்பெண்கள் உண்மையாகவே மிக உயர்ந்தவை. ஆனால் ஆண்டு நடுவில் வந்து நிற்கும் பிள்ளையையும் சேர்த்தாக வேண்டிய டிஸ்ட்ரிக்ட் பள்ளியோடு அதை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஊர் முழுக்கச் சார்ட்டர் ஆக்கினால் என்ன ஆகும்?

நியூ ஆர்லியன்ஸ் அதைத்தான் செய்தது. 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா புயல் அடித்தது. அதுவரை ஊழலும் நிதி நெருக்கடியுமாக இருந்த டிஸ்ட்ரிக்ட்டின் பெரும்பாலான பள்ளிகளை மாநிலம் எடுத்துக்கொண்டு சார்ட்டர் குழுக்களிடம் தந்தது. ஆசிரியர் உட்பட 7,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்தார்கள். வீடிழந்து வேறு ஊர்களில் தங்கியிருந்தபோதே அவர்களுக்கு அந்தச் செய்தி வந்தது. பெரும்பாலோர் கறுப்பின ஆசிரியர்கள். அந்த நகரத்துக் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பே அவர்கள்தான்.

பலன்? டுலேன் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹாரிஸ் தலைமையிலான குழு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. தேர்வு மதிப்பெண், பட்டப்படிப்பு நுழைவு எல்லாம் தெளிவாக உயர்ந்தன. அமெரிக்கக் கல்விச் சீர்திருத்தங்களில் இவ்வளவு ஏற்றம் அரிது. அதே குழு இன்னொன்றையும் கண்டது: பிள்ளைக்கான செலவும் ஏறியது, அதில் நிர்வாகச் செலவு பெருகி, கற்பித்தலுக்கான செலவு குறைந்தது. பக்கத்துத் தெருப் பள்ளி என்ற ஒன்று இல்லாமல் போய், பிள்ளைகள் விடியுமுன் பேருந்து ஏறினார்கள்.

2018-ல் பள்ளிகள் மீண்டும் ஊரார் தேர்ந்தெடுத்த ஸ்கூல் போர்டின் பொறுப்புக்கு வந்தன. 2024-ல் அந்த டிஸ்ட்ரிக்ட் தானே நேரடியாக நடத்தும் லியா சேஸ் பள்ளியைத் திறந்தது. பலன் உண்மை, அதற்குக் கொடுத்த விலையும் உண்மை. புயலில் எல்லாம் இழந்தவர்களிடம் கேட்காமலே அதைச் செய்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மோசடிச் செய்திகள் வருகின்றனவே, அவ்வளவு மோசமா?

மேற்பார்வை தூங்கிய இடங்களில் படுமோசம். ஒஹாயோவில் ஈகாட் என்ற இணையவழிச் சார்ட்டர் 2015-16-ல் 15,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பணம் வாங்கியது. மாநிலம் பதிவுகளைச் சரிபார்த்தபோது முழுநேரமாகப் படித்தவர்கள் என்று காட்ட முடிந்தது 6,300 பேரைத்தான். இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 8 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னார்கள். 2018 ஜனவரியில், படிப்பாண்டின் நடுவில், பள்ளி மூடியது. ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள்.

கலிஃபோர்னியாவின் ஏ3 வழக்கு இன்னும் பெரிது. 19 இணையவழிச் சார்ட்டர்கள், மாநிலத்திடமிருந்து பெற்றது 40 கோடி டாலர் அளவில். கோடைக்கால விளையாட்டுக் குழுக்களில் இருந்த பிள்ளைகளை அவர்களுக்கே தெரியாமல் மாணவர்களாகப் பதிவு செய்திருந்தார்கள். 2019-ல் 11 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. முக்கியமான இருவர் 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 20 கோடி டாலருக்கு மேல் திரும்ப வந்தது.

இது எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். அனுமதி கொடுத்தவை சின்னச் சின்ன டிஸ்ட்ரிக்ட்டுகள். ஒன்றில் சொந்தப் பிள்ளைகளே 150 பேர் அளவில்தான். அனுமதி கொடுத்த சார்ட்டர்களிடமிருந்து மேற்பார்வைக் கட்டணம் வரும். கட்டணம் வாங்கியவர்கள் மேற்பார்வை செய்யவில்லை. ஒரு மாநிலத்தின் சார்ட்டர்கள் நல்லவையா என்று கேட்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அனுமதி கொடுப்பவர் யார், அவருக்கு அதில் என்ன வரும்படி என்பதைத்தான். மாசசூசெட்ஸில் மாநிலக் கல்வி வாரியம் ஒன்றுதான் அனுமதி கொடுக்கும், மோசமானவற்றை மூடவும் செய்யும். அங்கே தரம் இருப்பது தற்செயல் இல்லை.

லாப நோக்கில் நடத்துகிறார்களா?

மிச்சிகனில் பெரும்பாலான சார்ட்டர்களை லாப நோக்கு நிறுவனங்கள் நிர்வகிக்கின்றன. கலிஃபோர்னியா 2018-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. பிள்ளைக்கு வந்த பொதுப் பணத்தில் பங்குதாரருக்கு ஈவு போவது தவறு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இணையவழிச் சார்ட்டரில் சேர்க்கலாமா?

உடல்நிலை போன்ற தவிர்க்க முடியாத காரணம் இல்லாவிட்டால் வேண்டாம். கிரெடோவின் 2015 ஆய்வில் இந்தப் பிள்ளைகள் கணக்கில் 180 நாள் பின்தங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு படிப்பாண்டே ஏறத்தாழ 180 நாள்தான்.

பணத்தைக் கூட்டினால் படிப்பு கூடுமா?

பொருளியலாளர்கள் அரை நூற்றாண்டு சண்டை போட்ட கேள்வி. கூடாது என்பவர்கள் கன்சாஸ் சிட்டியைக் காட்டுவார்கள். 1980-களின் நடுவிலிருந்து நீதிமன்ற உத்தரவால் ஏறத்தாழ 200 கோடி டாலர் அந்த டிஸ்ட்ரிக்ட்டில் கொட்டப்பட்டது. ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் வரை வந்தது, மதிப்பெண் உயரவில்லை. ஸ்டான்ஃபோர்டின் எரிக் ஹனுஷெக் பல ஆண்டுகளாகச் சொல்வதும் இதுதான்: எவ்வளவு என்பதைவிட எப்படிச் செலவழிக்கிறோம் என்பதே முக்கியம்.

ஆனால் 2016-ல் கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ மூவரும் வெளியிட்ட ஆய்வு பேச்சைத் திருப்பியது. நீதிமன்றத் தீர்ப்புகளால் செலவு உயர்ந்த ஊர்களின் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு முழுக்கச் செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கிட்டத்தட்ட அரை ஆண்டு கூடுதலாகப் படித்தார்கள், வளர்ந்த பிறகு சம்பளமும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருந்தது. வசதியான பிள்ளைகளிடம் அவ்வளவு மாற்றம் இல்லை. பணம் எங்கே போனால் பலிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? நாம் இன்றும் அதற்கு எதிர்த்திசையில்தான் பணத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிகளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் 9, 10 வாங்கிய பள்ளியென்றால் போதாதா?

அந்த எண்ணில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு. தேர்வு மதிப்பெண் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே போகும். பொறியாளர்கள் குடியிருக்கும் பகுதிப் பள்ளி 10 வாங்கினால், பள்ளி எவ்வளவு கற்பித்தது, வீடும் டியூஷனும் எவ்வளவு கற்பித்தன என்று அந்த எண் சொல்லாது. மாநிலத் தளத்தில் ஆண்டு வளர்ச்சி என்று தனி அளவு இருக்கும். ஒரு பிள்ளை சேர்ந்தபோது எங்கே இருந்தது, ஓர் ஆண்டில் எவ்வளவு நகர்ந்தது என்பது அது. அதைப் பாருங்கள்.

வவுச்சரும் சார்ட்டரும் ஒன்றா?

இல்லை. வவுச்சரில் பொதுப் பணம் தனியார் பள்ளிக்குப் போகிறது. அந்தப் பள்ளி உங்கள் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லலாம், குலுக்கல் கட்டாயமில்லை. அரிசோனா 2022-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைத் திறந்தது. டெக்சஸ் 2025-ல் 100 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. மக்களிடம் நேரடியாகக் கேட்டபோது பதில் வேறாக வந்திருக்கிறது: 2024 நவம்பரில் கென்டக்கி, நெப்ராஸ்கா, கொலராடோ மூன்றிலும் வாக்காளர்கள் தனியார் பள்ளிகளுக்குச் சாதகமான திட்டங்களை நிராகரித்தார்கள். முதல் இரண்டும் குடியரசுக் கட்சியின் கோட்டைகள்.

நாங்கள் நல்ல டிஸ்ட்ரிக்ட் பார்த்து வீடு வாங்கிவிட்டோம். இந்த விவாதம் எங்களுக்கு எதற்கு?

'எனக்கு ஸ்கூல் சாய்ஸில் (பள்ளியைப் பெற்றோரே தேர்ந்தெடுப்பதில்) நம்பிக்கை இல்லை, ஊர்ப் பள்ளியே போதும்' என்று ஃப்ரீமாண்டிலும் ஃப்ரிஸ்கோவிலும் எடிசனிலும் நம்மவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். ஆனால் அந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு வேண்டும் என்பதற்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய ஸ்கூல் சாய்ஸ். அது வீட்டுக் கடன் கிடைப்பவருக்கு மட்டும் திறக்கும். 2011-ல் ஒஹாயோவின் ஆக்ரனில் ஒரு கறுப்பினத் தாய், பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் இருந்த தன் தந்தையின் முகவரியைக் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்த்ததற்காக ஒன்பது நாள் சிறையில் இருந்தார். நாம் வாங்கியதையே அவரும் தேடினார். அவரிடம் டவுன் பேமென்ட் இல்லை.

மாசசூசெட்ஸில் சார்ட்டர் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று 2016-ல் வாக்கெடுப்பு நடந்தது. 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். டிஸ்ட்ரிக்ட் பணம் கரையும் என்ற நியாயமான கவலை அதில் இருந்தது. அதே சமயம், நல்ல பள்ளி உள்ள புறநகர்வாசிகளும் பாஸ்டன் பிள்ளைகளின் காத்திருப்புப் பட்டியலைத் தங்கள் வாக்கால் தீர்மானித்தார்கள். சார்ட்டர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டென்றால், அந்தப் பிள்ளைகளின் டிஸ்ட்ரிக்ட்டுக்கு என் வரியிலிருந்து பணம் போகச் சம்மதிக்கும் கடமையும் எனக்கு உண்டு. இரண்டையும் மறுப்பவர்களின் வாதத்தை என்னால் ஏற்க முடியாது.

விசாவில் இருக்கிறோம், பிள்ளையைச் சேர்க்கலாமா?

எச்-4 விசாவில் (எச்-1பி விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) வந்த பிள்ளைகள் டிஸ்ட்ரிக்ட், சார்ட்டர் இரண்டிலும் இலவசமாகப் படிக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 1982 பிளைலர் தீர்ப்புப்படி, குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளையைக்கூடப் பொதுப் பள்ளி சேர்க்க மறுக்க முடியாது. ஊரில் குடியிருப்பதற்கான சான்றும் தடுப்பூசிப் பதிவும் கேட்பார்கள்.

ஒரு சார்ட்டரைப் பார்க்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் நடுவில் விலகினார்கள், அந்த இடங்களை நிரப்பினீர்களா என்று கேளுங்கள். எத்தனை ஆசிரியர்கள் இந்த ஆண்டு திரும்ப வரவில்லை என்பது அதைவிட முக்கியம், இளம் ஆசிரியர்கள் இரண்டு மூன்று ஆண்டில் களைத்து ஓடும் சார்ட்டர்கள் நிறைய. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு யார் உதவுகிறார்கள் என்று கேட்டு, அந்த ஆசிரியரைச் சந்திக்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு அது தேவையில்லை என்றாலும் கேளுங்கள், பள்ளியின் குணம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். அனுமதி எந்த ஆண்டு புதுப்பிப்புக்கு வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் யாருக்குச் சொந்தம், வாடகை யாருக்குப் போகிறது என்பது ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் இருக்கும். இதே கேள்விகளில் பாதியை டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலும் கேட்கலாம், நாம்தான் கேட்பதில்லை.

குலுக்கலில் பெயர் வராவிட்டால் உடனே விட்டுவிட வேண்டாம். காத்திருப்புப் பட்டியல் ஆகஸ்ட் கடைசி வரைகூட நகரும்.

ஓட்டுரிமை இல்லாத நாங்கள் இதில் என்ன செய்ய முடியும்?

சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016 வாக்கெடுப்புக்குப் பிறகு, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்கலாம். மற்ற பெரும்பாலான ஊர்களில் முடியாது. ஆனால் போர்டு கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. சொத்து வரியை நேரடியாகவோ வாடகை வழியாகவோ நாமும் கட்டுகிறோம். கலிஃபோர்னியாவில் 2020 முதல் சார்ட்டர்களின் நிர்வாகக் குழுக்களும் திறந்த கூட்டமாகத்தான் கூட வேண்டும், நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். நியூ ஜெர்சியில் டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்டின் பொது விசாரணை ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ நடக்கும். கலிஃபோர்னியாவில் அடுத்த ஆண்டுத் திட்டமும் பட்ஜெட்டும் ஜூலை 1-க்குள் நிறைவேற வேண்டும், அதற்கு முன் விசாரணை உண்டு. கணக்குத் தெரிந்த ஆட்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். பட்ஜெட் பிடிஎஃப்பை முதல் நாள் இரவு படித்துவிட்டு, சார்ட்டர்களுக்குப் போகும் தொகை, சிறப்புக் கல்விச் செலவு, மூடப்படும் பணியிடங்கள் ஆகிய மூன்று வரிகளையும் குறித்துக்கொண்டு போங்கள். பேசப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம் தருவார்கள். பெயர் பதிவை கூட்டம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.